தொட்டி அளவும் கடைக்காரர் வாக்கும்

அளவு குறையாமல் கொடுப்பதே நம் தொழிலின் மூலதனம். ஒரு கிலோ பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் மறுநாளே வந்து கேட்பார். பாம்பு அப்படிக் கேட்காது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

மளிகையோடு பறவைத் தீவனம், மீன் தொட்டி விற்கும் உறுப்பினர்கள் நம்மில் உண்டு. பாம்பு வளர்க்கத் தொட்டி கேட்டு யாரேனும் வந்தால் என்ன சொல்வது?

முதலில் சட்டம். நல்ல பாம்பு, சாரை, விரியன் போன்றவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவரின் வியாபாரம் நமக்கு வேண்டாம்.

அடுத்தது அளவு. தொட்டியின் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அதன்படி நான்கடிப் பாம்புக்கு இரண்டரை அடி நீளத் தொட்டி போதும். இதை நாம் ஏற்கவில்லை. பாம்பு எப்போதும் சுருண்டே கிடப்பதில்லை. உடலை நேராக நீட்டியும் படுக்கும். எனவே தொட்டியின் நீளம் பாம்பின் முழு நீளத்துக்குக் குறையக்கூடாது. நான்கடிப் பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதே நியாயம்.

இன்னொரு காரணமும் உண்டு. பாம்புக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள இயலாது. தொட்டியின் ஒரு கோடி 32 டிகிரி வெப்பமாகவும், மறுகோடி 25 டிகிரி அளவிலும் இருந்தால்தான் அது வேண்டிய இடத்துக்கு நகர முடியும். சின்னத் தொட்டியில் முழுவதும் ஒரே சூடுதான்.

"குட்டியைப் பெரிய தொட்டியில் விட்டால் மிரண்டு இரை எடுக்காது" என்பார்கள். குறை இடத்தில் இல்லை, மறைவிடம் இல்லாமையில்தான். இரு கோடியிலும் ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு சட்டி கவிழ்த்தாற்போல் மறைவு வைத்தால் போதும். மூடிக்குப் பூட்டும் அவசியம்.

ஓரடிக் குட்டிக்கென்று ஓரடித் தொட்டியை விற்பது எளிது. அந்தக் குட்டி நான்கடி வளரும், இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். கேட்டபின் வாங்காமல் போகிறவர் போகட்டும். அன்றைய லாபம் குறையலாம். கடையின் பெயர் குறையாது.