ஒரே மருந்து எல்லா நாய்க்கும் ஆகுமா?

காயலின் பழம்பெருமை பேசுவோர் முத்தையும் குதிரையையும் சொல்லாது விடார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளினின்று குதிரை ஏற்றிவந்த மரக்கலங்கள் 'காயில்' துறையில் தங்கின என்று எழுதிவைத்தார். அத்துறை இன்றைய காயல்பட்டினமோ, அதற்கு வடக்கேயுள்ள பழையகாயலோ என்னும் வழக்கைச் சரித்திர ஆசிரியர்க்கு விட்டுவிடுவோம். ஈண்டு நாம் கருதத்தக்கது அவர் கூறும் பிறிதொரு செய்தி. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய அக்குதிரைகளுள் ஆண்டு முடிவில் எஞ்சியவை மிகச் சிலவே; அவற்றைப் பேணும் முறையறிந்தார் இந்நாட்டில் இல்லாமையே அதற்குக் காரணம்; சோற்றோடு வெந்த இறைச்சியையும் கலந்து இட்டனர் என்கிறார். யாத்திரிகர் கூற்றில் மிகையிருக்கலாம். ஆயினும், அயல்நாட்டு உயிரைப் பொருள் கொடுத்து வாங்கி, அதன் உடற்கூறு அறியாமல் வதைக்கும் வழக்கம் இக்கரையை விட்டு இன்னும் நீங்கிற்றில்லை என்பது எமது எண்ணம். குதிரைக்குப் பதிலாக இப்போது நாய், அவ்வளவே.

காயல்பட்டினத்தில் வீட்டினுள் நாய் வளர்ப்போர் அரியர். எனினும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை செல்லும் சாலையில், அயல்நாட்டு இன நாயைச் சங்கிலியிற் பிடித்துச் செல்லும் அன்பர்களை யாவரும் காணலாம். அத்தகையார் ஒருவர் எம் நண்பர். ஆட்டுமந்தை காக்கும் கோலி இனக் கலப்புள்ள நாய் ஒன்றை அவர் மகவு போல் வளர்த்து வந்தார். நாய் இளைத்தது; மலத்தில் புழு கண்டது. "உண்ணிக்கும் பூச்சிக்கும் ஒருங்கே ஆகும்" என்று யாரோ சொல்ல, ஆடுமாடுகளுக்கென விற்கும் ஊசி மருந்தை வாங்கி, அளவு பாராமல் போடுவித்தார். அன்று மாலையே நாய் தள்ளாடிற்று. வாயில் நீர் வடிந்தது. கருமணி விரிந்து கண் தெரியாமற் போயிற்று. இரவில் உடல் நடுங்கி விழுந்தது. அந்நஞ்சிற்கு நேரான மாற்று மருந்து இல்லை. நரம்பில் நீரேற்றி, புரட்டிப் படுக்கவைத்து, மருந்தின் வேகம் தணியுமளவும் காத்திருப்பதே வைத்தியம். ஐந்தாம் நாள் அது எழுந்து நின்றது அதன் நற்பேறு. எல்லா நாய்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

அம்மருந்து ஐவர்மெக்டின். அதனை யாம் பழிக்கவில்லை. ஜப்பான் நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றினின்று பிறந்து, ஆப்பிரிக்காவில் எண்ணிறந்தோரை ஆற்றுக்குருடு என்னும் நோயினின்று காத்த மருந்து அது. அதன் பொருட்டே சதோஷி ஓமுரா, வில்லியம் காம்பெல் என்னும் இருவரும் 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். குற்றம் மருந்தில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. மூளைக்குள் நுழையும் வேண்டாப் பொருள்களை இரத்தத்திற்கே திருப்பி இறைத்துத் தள்ளும் புரதம் ஒன்று உடலில் உண்டு. கோலி முதலிய சில இனங்களில், அப்புரதத்தை ஆக்கும் ஜீன் பழுதுற்றிருத்தல் கூடும் என்பது 2001-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. எம்.டி.ஆர்.1 என்பது அந்த ஜீனின் பெயர். காவற்காரன் இல்லாத வீட்டில் கள்வன் புகுவதுபோல, அந்நாய்களின் மூளையில் மருந்து தங்குதடையின்றிப் புகுந்துவிடுகிறது.

கணக்கைச் சற்றுக் காண்போம். இதயப்புழு வாராமற் காக்க நாயின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் போதும். 20 கிலோ நாய்க்கு 120. இவ்வளவை ஜீன் பழுதுற்ற நாயும் தாங்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 100 என்ற நிலையை எட்டினால் அந்நாய்க்கு நஞ்சு தொடங்கும். 20 கிலோ நாய்க்கு இது 2,000. மாட்டு ஊசியிலோ ஒரு மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் உண்டு. ஐந்தில் ஒரு மில்லிலிட்டரே ஆபத்தின் வாயிலாகும்போது, "கொஞ்சம் போடுங்கள்" என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அவ்வாறாயின் எம்மருந்தைத் தெரிவது? முதலில் எப்புழு என அறிதல் வேண்டும். சிறிது மலத்தைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்றால் பூதக்கண்ணாடியின் கீழ் முட்டையைப் பார்த்துச் சொல்லுவர். கொக்கிப்புழுவிற்கும் உருண்டைப்புழுவிற்கும் பைரண்டல் நன்று. குடலினின்று இரத்தத்தில் அது மிகுதியாக ஏறாமையால், மென்மையான நாய்க்கு ஏற்றதென்பது எம் கருத்து. சாட்டைப்புழுவும் இருப்பின், மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கும் ஃபென்பெண்டசோல் உதவும். நாடாப்புழுவிற்கு இவ்விரண்டும் போதா. தெள்ளுப்பூச்சியால் பரவும் அவ்வகைக்குப் பிரசிகுவாண்டல் வேண்டும், தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்கவேண்டும். இதயப்புழு மருந்தைத் தொடங்குமுன் இரத்தச் சோதனை இன்றியமையாதது. எதனைக் கொடுப்பினும் மருத்துவரைக் கேட்டு, எடை பார்த்துக் கொடுக்க. வாந்தியெடுக்கும் நாய்க்குச் சிறிது உணவோடு கொடுக்கலாமா என்றும் அவரையே கேட்க.

நாட்டு மருந்தே தீங்கற்றது என்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் வெற்றிலைத் தட்டிலுள்ள கொட்டைப்பாக்கின் சத்தாகிய அரெகோலினைத்தான் முற்காலத்தில் மேனாட்டார் நாய்களின் நாடாப்புழுவிற்குக் கொடுத்தனர். அது குடலைப் பிடுங்கினாற்போல் பேதியாக்கிற்று. 1921-இல் கொக்கிப்புழுவிற்கென நாய்களில் சோதித்துப் புகழப்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடோ பின்னர் ஈரலைக் கெடுப்பதெனக் கண்டு கைவிடப்பட்டது. நாட்டது ஆயினும் சரி, மேனாட்டது ஆயினும் சரி, பொருந்தாதது பொருந்தாததே.

மருந்தே வேண்டா என அஞ்சி ஒதுங்குவதையும் யாம் ஒப்பவில்லை. நாய்க்குட்டி தாயின் கருவிலேயே உருண்டைப்புழுவைப் பெறுகிறது. கொக்கிப்புழு பாலின் வழி வருகிறது. ஆதலின் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே மருந்து தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்திற்கொருமுறை கொடுக்கிறார்கள். தவறினால் குட்டி இரத்தம் வற்றிச் சாகும். அதனினும் பெரிது, நம் கடற்கரை மணல். ஈரமும் நிழலும் உள்ள மணலில் நாயின் கழிவினின்று வெளிப்படும் கொக்கிப்புழுக் குஞ்சுகள், வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலைத் துளைத்து, வளைந்து வளைந்து ஊரும் தடிப்பை உண்டாக்கும். இலங்கையின் பெயரையே தாங்கி, 1911-இல் விவரிக்கப்பட்ட கொக்கிப்புழு வகையோ மனிதன் குடலிலும் குடியேறும். ஆகவே நாய் வளர்ப்பவர் தம் நாய்க்கு மட்டும் கடமைப்பட்டவர் அல்லர். நாயே வளர்க்காத காயல்பட்டினத்துக் குழந்தைக்கும் கடமைப்பட்டவரே.

நம் சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் நாய்கள் கோலி வழியினவல்ல. ஆனாற் கலப்பு எங்கு நிகழ்ந்ததென யாரறிவார்? ஐயமுள்ள நாய்க்கு, கன்னத்தின் உட்புறம் தடவியெடுத்ததைக் கொண்டே ஜீனைச் சோதிக்கலாம். அதுகாறும் அந்நாய் பழுதுடையதெனக் கொண்டே மருந்து தெரிவது தக்கது.

எம் நண்பர் இப்போது நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி, இறங்கி, தாம் மட்டும் மீண்டும் ஏறிக் கழித்துப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே மருந்தகம் செல்கிறார். சென்ற மாதம் நாய் 22 கிலோ. தம் எடையை அவர் எமக்குச் சொல்லவில்லை.