நெல்லிக்கனியும் ஜலதோஷமும்

அதியமான் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியின் கதையைக் குழந்தைப் பிராயம் முதல் கேட்டு வருகிறோம். இந்நாளில் அக்கனியின் ஸ்தானத்தை, ஆரஞ்சு நிறமுள்ள ஒரு மாத்திரை பிடித்துக்கொண்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது அம்மாத்திரைக்கு ஏற்பட்ட கிராக்கி நேயர்களுக்கு நினைவிருக்கும். 'ஸி' ஜீவசத்தை நிறைய உட்கொண்டால் நோயே அண்டாது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

இந்தச் சத்து அறவே குறைந்தால் ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும். ஆறிய புண்ணும் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்னும் இந்நோயால் மாண்ட மாலுமிகள் கணக்கற்றவர்கள். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை வைத்தியரான ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை ஆறு ஜோடிகளாகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு சிகிச்சை அளித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினார்கள்.

நோய்க் கிருமிகளுடன் போர் புரியும் பட்டாளம் நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களே. அவை இச்சத்தை இரத்த நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகமாகத் தம்முள் சேர்த்து வைக்கின்றன. கிருமிகளைக் கொல்ல அவை உண்டாக்கும் விஷம் அவற்றையே அழித்துவிடாமல் காப்பதற்கு இது உதவுகிறது. ஆகவே பட்டாளத்துக்கு ஒழுங்காகப் படியளக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சிப்பாய்க்குப் பத்துப் பேர் சோற்றைத் திணித்தால் அவனுக்குப் பத்துப் பேர் பலம் வந்துவிடுமா?

இரு முறை நோபல் பரிசு பெற்ற மேதை லினஸ் பாலிங், வரும் என்றே 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த சோதனைகள் அவர் கட்சியை ஆதரிக்கவில்லை. தினந்தோறும் மாத்திரை உண்ட சாதாரண ஜனங்களுக்கும் ஜலதோஷம் வழக்கம்போல் வந்தது. அது நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு நூற்றுக்கு 8 பங்கு போலவும், குழந்தைகளுக்கு 14 பங்கு போலவும் குறைந்தது. ஜலதோஷம் பிடித்த பிறகு உண்ணத் தொடங்கியவர்களுக்கு அந்த லாபமும் நிச்சயமில்லை. மிதமிஞ்சி உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். சிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம்.

ஒரு நாள் தேவைக்கு ஒரு கொய்யாப்பழமோ ஓரிரண்டு நெல்லிக்காய்களோ போதும். பச்சையாகத் தின்பது உத்தமம். கொதிக்கவைத்தால் சத்தில் ஒரு பகுதி அழியும், வடித்துக் கொட்டும் நீரோடு இன்னொரு பகுதி போகும்.

இவ்வளவும் ஆரோக்கியமாக இருக்கும்போது செய்யவேண்டியவை. குழந்தைக்குக் காய்ச்சல் தணியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, மாத்திரையை நம்பி ஒரு நாளையும் வீணாக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். நெல்லிக்கனி அப்போது கோபித்துக்கொள்ளாது.