சிறுவிடைக்கு ஒரு சேவல்

கொல்லையில் ஏழெட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள் வளர்ப்பவர்கள்கூட, சேவல் பிடிக்கும்போது மட்டும் ஏனோ அவசரப்படுகிறார்கள். பெட்டை என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சேவலுக்கு நிறமும் வால் வளைவும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டையின் குறை அதன் குஞ்சுகளோடு நின்றுவிடும். ஒற்றைச் சேவலின் குறையோ அந்த வருடம் பொரிக்கிற எல்லாக் குஞ்சுக்கும் போய்ச் சேரும்.

இனத்துக்கு இலக்கணம் எழுதி வைத்துச் சேவலை அதோடு ஒத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1874-லேயே புத்தகம் போட்டுவிட்டது. அந்தச் சங்கத்தின் கணக்கில் ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவல் எட்டரை பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 3.9 கிலோ இருக்க வேண்டும். ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் ஒரு முளை கிளைத்திருந்தாலே போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். நம் ஊரில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்ல. அலகு கட்டையாக வளைந்திருக்கிறதா, கொண்டை தலையோடு ஒட்டியிருக்கிறதா, வால் எப்படி விரிகிறது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சிறுவிடையை அப்படி மேடையேற்றி மெச்சுவது அரிது. அதன் இலக்கணம் அதைக் காலங்காலமாக வளர்த்த பெண்களின் கண்ணில்தான் இருக்கிறது.

அந்தக் கண் நிறத்தில் நிற்பதில்லை. சிறுவிடையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, புள்ளி எல்லாம் உண்டு. எதையும் தள்ள வேண்டியதில்லை. எடையைத்தான் கவனிக்க வேண்டும். சேவல் இரண்டு கிலோவை ஒட்டி நின்றால் சரி. மூன்று கிலோவைத் தாண்டிய ஒன்றைச் சிறுவிடை என்று சொல்லி விற்றால், அதில் பெருவிடையோ பண்ணை ரகமோ கலந்திருக்கும் என்றே நினைப்பேன்.

இந்தக் கலப்பு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா நல்ல கோழிதான். முட்டையும் உண்டு, உடம்பும் உண்டு. ஆனால் அது பொதுவாக அடையில் உட்காராது. அந்தச் சேவலைச் சிறுவிடைகளோடு விட்டால் முதல் ஈட்டுக் குஞ்சுகள் கொழுகொழுவென்று வளரும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் குஞ்சுகளில் பெட்டைகள் வளர்ந்து முட்டைக்கு வந்த பிறகுதான் வினை தெரியும். சில அடைக்கே படுக்காது, சில பாதியில் எழுந்து போய்விடும். குஞ்சு பொரிக்க இயந்திரம் இல்லாத வீட்டில் 21 நாள் உட்காரும் பொறுமை போய்விட்டால் மந்தையும் போய்விட்டது.

அடை காக்கும் குணத்தைச் சேவலின் உடம்பில் எங்கே தேடுவது? அதன் தாயிடம்தான் தேட வேண்டும். எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை பொரித்தது, குஞ்சைப் பிரித்துவிடும் வரை எத்தனை தங்கியது, காக்கை வந்தால் அந்தக் கோழி என்ன செய்யும் என்றெல்லாம் வளர்த்தவரைக் கேளுங்கள். சந்தையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஆகவே சேவலைச் சந்தையில் வாங்காதீர்கள். பக்கத்து ஊரில், தாய்க்கோழி இன்னும் மேய்ந்துகொண்டிருக்கிற வீட்டில் வாங்குங்கள்.

உடம்பைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கையில் தூக்கி நெஞ்செலும்பைத் தடவினால் கோணல் தெரியும். விரல்கள் நேராக இருக்க வேண்டும், மேல் அலகும் கீழ் அலகும் பொருந்த வேண்டும். கண்மணி வட்டமாக இல்லாமல் ஓரம் சிதைந்து, கண் சாம்பல் பூத்திருந்தால் அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். அந்தச் சேவல் வேண்டாம். காலில் செதில்கள் தூக்கிக்கொண்டிருந்தால் அது உண்ணியின் வேலை, மருந்தில் தீரும்.

பிறகு ஒரு கைப்பிடி கம்பை வீசிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நல்ல சேவல் தான் விழுங்குவதற்கு முன் தானியத்தைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, தொண்டைக்குள் குரல் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து என்றால் ஒரு சத்தம், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறொரு சத்தம். பெட்டைகளும் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளும். இந்தக் காவல் இல்லாத அழகன் கொல்லைக்கு உதவ மாட்டான். குழந்தைகள் மேல் பாய்கிற சேவலையும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குணம் அதன் குஞ்சுகளுக்கும் இறங்கும்.

கொண்டுவந்த சேவலை மூன்று நான்கு வாரம் தனியே கட்டிப்போடுங்கள். அதோடு வெள்ளைக் கழிச்சல் நோய் நுழைந்தால் மந்தையே மிஞ்சாது. சேர்த்துவிட்ட பின் வைக்கும் முதல் அடையில், ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பாருங்கள். கூமுட்டை அதிகம் இருந்தால் இன்னோர் அடை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் சரியாக அமைந்தாலும், சேவல் தன் மகள்களோடு இணையாதபடி, அவை முட்டைக்கு வருவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும். இதேபோல் கவனமாக வளர்க்கும் இன்னொரு வீட்டோடு சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொண்டால் பணம்கூடச் செலவாகாது.