உடன்பயில்வோர்

கணக்குத் தேர்வு நெருங்கும் நாளில் வகுப்பறையை உற்று நோக்கின் ஒரு காட்சி புலப்படும். ஒரு மாணவன் தான் கண்ட வழியை அடுத்திருப்பவன் கண்டுவிடலாகாது என்று இடக்கையால் ஏட்டை மறைத்துக்கொண்டு எழுதுவான். இன்னொருவன், அருகில் இருப்பவன் தடுமாறக் கண்டதும் தன் ஏட்டை மூடி வைத்துவிட்டு அவன்பால் திரும்புவான். ஊரார் முன்னவனைக் கெட்டிக்காரன் என்பர். பின்னவனைப் பொழுதைப் பாழாக்குபவன் என்பர். பெற்றோருள்ளும் பலர் இவ்வாறே கருதுகின்றனர். இத்தீர்ப்பு முற்றும் தவறானது.

முதற்கண், மறைப்பதால் வரும் ஊதியம் யாது என்று பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்குத் தாளுக்கு 100 மதிப்பெண். தேறுவதற்கு 35 வேண்டும். அடுத்திருப்பவன் 90 பெற்றால் இவனுடைய எண்ணில் ஒன்றேனும் குறைவதில்லை. அவன் 30 பெற்றுத் தவறினால் இவனுக்கு ஒன்றும் கூடுவதுமில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கமும் 2017-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே இல்லாத ஒரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருப்பவனே ஏட்டை மறைப்பவன். அவனால் கைவிடப்பட்டவனுக்கோ இழப்பு மெய்யானது. 35-க்கு ஓரிரு மதிப்பெண் குறைந்தமையால் பள்ளியையே விட்டு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இனி, கற்பிப்பவன் பெறும் பயனைக் காண்போர்க்கு வியப்பே உண்டாகும். மாசி மாதத்து மாலை ஒன்றில், பள்ளி விட்டபின் வேப்பமரத்தடியில் இரு மாணவர் அமர்ந்திருந்தனர். ஒருவன் கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் பெறுபவன். மற்றவன் கணக்கென்றாலே அஞ்சுபவன். அவர்கள் எடுத்துக்கொண்டது இருபடிச் சமன்பாடு. ஓர் எண்ணிலிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். அதே எண்ணிலிருந்து 4-ஐயும் தனியே கழிக்க வேண்டும். வந்த இரண்டையும் பெருக்கினால் 0 கிடைக்கும். அவ்வெண் யாது? 3 அல்லது 4 என்று இருவருமே எளிதில் கண்டனர்.

அடுத்த கணக்கில் பெருக்குத்தொகை 0 அன்று, 2. அஞ்சும் மாணவன் முன்னைய வழியையே பின்பற்றினான். 3-ஐக் கழித்தால் 2 வரவேண்டும், ஆகவே எண் 5. 4-ஐக் கழித்தால் 2 வரவேண்டும், ஆகவே எண் 6 என்று எழுதினான். "தவறு, பெருக்கி விரித்து, எல்லாவற்றையும் ஒருபுறம் கொண்டுவந்து, மறுபுறம் சுழியாக்க வேண்டும்" என்றான் வல்லவன். அவ்வாறு செய்ததில் 5, 2 என்னும் விடைகள் வந்தன. அஞ்சுபவன் விடவில்லை. "முன்பு சரியாக இருந்த வழி இப்போது ஏன் தவறாயிற்று? அதிலும் 5 பொருந்துகிறது, 6 பொருந்தவில்லை. அது ஏன்?" என்று கேட்டான்.

வல்லவன் வாயடைத்துப் போனான். ஓராண்டாக அக்கணக்கைப் பிழையின்றிச் செய்து வந்தவன் அவன். ஆயினும் சுழியாக்குவது எதற்காக என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. செய்முறையை அறிந்திருந்தான், அதன் காரணத்தை அறியவில்லை. இருவருமாகக் குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்தனர். 1-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 2. 4-ஐ அரையால் பெருக்கினாலும் 2. குறை 1-ஐக் குறை 2-ஆல் பெருக்கினாலும் 2. இத்தகைய இணைகளுக்கு முடிவேயில்லை. ஆதலின் இரண்டில் ஒன்று 2-ஆகத்தான் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பெருக்குத்தொகை சுழியானாலோ, இரண்டில் ஒன்றேனும் சுழியாகாமல் தீராது. அந்த உறுதி சுழிக்கு மட்டுமே உண்டு. அதை நாடியே ஒருபுறம் சுழியாக்குகிறோம் என்பது அப்போதுதான் இருவர்க்கும் விளங்கிற்று. 5 பொருந்தியதோ தற்செயல்: 5-இலிருந்து 3-ஐக் கழிக்க 2, 4-ஐக் கழிக்க 1, அவற்றின் பெருக்கம் 2 ஆயிற்று. 6-க்கு அவை 3-உம் 2-உம் ஆதலின் பெருக்கம் 6 ஆகிவிட்டது. அன்று கேட்டவன் பெற்றதைவிடச் சொல்ல வந்தவன் பெற்றது மிகுதி.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியை நாற்கூறாக்கி அளந்து வைத்துள்ளது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் கைவருவது கால்பங்கே. உடன்கற்பவரோடு கலந்து பயில்வதால் இன்னொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். அது புலவர்க்குச் சொன்ன விதி, கணக்கிற்குப் பொருந்துமோ என்று ஐயுறுவார் உளர். கணக்கிற்கே அது மிகவும் பொருந்தும். வடிவியல் தேற்றத்தைச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிடும் மாணவர் உண்டு. (செய்யுளையும் அங்ஙனம் ஒப்பித்தல் நன்றன்று என்பது வேறு.) அவரை நிறுத்தி, இவ்வடியிலிருந்து அடுத்த அடிக்கு எவ்வாறு வந்தாய் என்று தோழன் ஒருவன் வினவினால், அறிவு எங்கே முடிந்து நினைவு எங்கே தொடங்குகிறது என்பது அக்கணமே வெளிப்பட்டுவிடும்.

பழைய திண்ணைப் பள்ளிகள் இம்முறையாலேயே நடைபெற்றன. ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பல வயதினர். சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோரை நடத்துவான். எண்சுவடியை ஒருவன் முன்சொல்ல, மற்றையோர் பின்சொல்லுவர். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார், உதவியாசிரியர்கள் இசையவில்லை. பெல் ஒரு சிறுவனையே இளையோர்க்குக் கற்பிக்க அமர்த்தினார். 1797-இல் இலண்டனில் இதைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்றே பெயர்பெற்றுப் பல பள்ளிகளில் பரவிற்று.

கூடிப் படித்தல் என்னும் பெயரால் நடப்பவை யாவும் நல்லன அல்ல. ஐவர் கூடி, ஒருவன் கணக்கைச் செய்ய நால்வர் அதைப் பெயர்த்தெழுதிக்கொண்டு கலைவதும் உண்டு. அதற்கு உதவி என்று பெயரில்லை. விடையைக் கொடுப்பவன் தோழனுக்குத் தீங்கே செய்கிறான். தேர்வுக்கூடத்தில் அவன் தனியே இருக்கப் போகிறவன் அல்லனோ? கணக்கை விட்டு ஊர்க்கதை பேசிக் கலையும் கூட்டங்களைப்பற்றி ஆசிரியர்கள் குறைகூறுவதிலும் நியாயம் உண்டு. இருவரோ மூவரோ கூடினால் போதும். எழுதுகோல் தெரியாதவன் கையில் இருக்க வேண்டும். தெரிந்தவன் வாயால் வினவ வேண்டும்.

வேறொன்றும் கருதத்தக்கது. "எனக்குப் புரியவில்லை" என்று ஆசிரியர் முன் எழுந்து சொல்ல நாணும் பிள்ளைகள் வகுப்புதோறும் உளர். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்னும் அச்சம் அவர்கள் நாவைக் கட்டிவிடுகிறது. மாலையில் நீரெடுக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டிற்கு விரையும் சிறுமிக்கும், தனிவகுப்பிற்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள ஒரே துணை பக்கத்து வீட்டுத் தோழியோ தோழனோதான். எட்டாம் வகுப்பிலேயே புரியாமல்போன பின்னக் கணக்கை, இப்போது கேட்டால் நகைப்பார்களோ என்று மறைத்து வைத்திருப்பவன் அதைத் தன் ஒத்த வயதினனிடமே வாய்விட்டுச் சொல்வான். கேட்பவன் நகையாதிருத்தல் வேண்டும். ஒருமுறை நகைத்துவிட்டால் அக்கதவு மறுபடி திறப்பது அரிது.

வேப்பமரத்தடிக்கு மறுநாள் மாலை மூன்றாமவன் ஒருவன் வந்தான். காய்ச்சலால் ஒருவாரம் பள்ளிக்கு வராதவன் அவன். சுழியாக்குவது எதற்கு என்று அவனும் கேட்டான். வல்லவன் வாய்திறக்குமுன், குச்சியைக் கையில் எடுத்து மண்ணைத் தடவிச் சமமாக்கியவன், முதல்நாள் 6 என்று எழுதிய அம்மாணவன்.