எண்ணெய் குடிக்கும் வண்டி

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் குடியிருக்கும் நம் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தோம். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதப் போகிறோம் என்று எதிர்பார்க்கும் நேயர்கள் மன்னிக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் நாம் அதிகமாகத் தரிசித்தது நீலப் புகையைத்தான்.

அந்தப் பக்கத்து வீடுகளைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று புல்தரை. நம் ஊரில் அவ்வளவு நிலம் இருந்தால் கடலையாவது போடுவார்கள். அவர்களோ புல்லை வளர்ப்பதும் வெட்டுவதுமாகக் காலம் தள்ளுகிறார்கள். வெட்டாமலும் இருக்க முடியாது. புல் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் பல ஊர்களில் முனிசிபாலிடியிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும். ஆகையால் வீட்டுக்கு வீடு, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. நம் மாப்பிள்ளையின் வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். வீடு வாங்கியபோது வீட்டோடு வந்தது. அதைக் கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

"மாப்பிள்ளை, இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே!" என்றோம்.

"பார்க்கலாம், மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார். டயரில் அழுக்கு ஒன்றும் இல்லை.

இரவு சமையலறையில் தங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணா, அவருக்கு வேலை போய் ஏழு வாரம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். புது வண்டி இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது." பள்ளிக்கூடத்தில் பிறருக்குப் புத்தி சொல்லிச் சொல்லி நமக்கு நாக்கு நீண்டுவிட்டது என்று அன்று உணர்ந்தோம். மறுநாள் முதல் அந்தக் கிழட்டு எஞ்சினை எப்படியாவது அந்தப் பருவம் முழுவதும் ஓட வைப்பது என்று இருவரும் முனைந்தோம்.

கடையில் போய்க் கெட்டியான எண்ணெயாக வாங்கி வந்து ஊற்றிவிட வேண்டியது என்பதே நம் யோசனை. எதிர் வீட்டுப் பெரியவர் குறுக்கிட்டார். லாரி பட்டறையில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "எந்த எண்ணெய் என்பது கடைசிக் கேள்வி, எண்ணெய் எங்கே போகிறது என்பதே முதல் கேள்வி" என்றார்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, அளவு பார்க்கும் குச்சியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது! வண்டி எண்ணெய் குடிக்கிறதே என்ற பயத்தில் மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் அளவு பாராமலே ஊற்றிக்கொண்டிருந்தார். அதிகப்படியான எண்ணெயும் புகையாகத்தான் வெளியே வரும். பெரியவர் குச்சியை முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை அடித்தால் கார்புரேட்டர் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது என்று அர்த்தமாம். அப்போது எவ்வளவு கெட்டியான எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. நல்ல வேளையாக அந்த வாசனை இல்லை.

பிறகு எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். இந்த எஞ்சின்களுக்குத் தண்ணீர் கிடையாது. விசிறிக் காற்று ஸிலிண்டரின் தகட்டு மடிப்புகளுக்கு இடையே புகுந்து சூட்டைத் தணிக்க வேண்டும். மடிப்புகள் முழுவதும் காய்ந்த புல் அடைத்துக் கிடந்தது. ஒரு மூலையில் எலி ஒன்று கூடு கட்டிக் குடித்தனம் நடத்திப் போயிருந்தது. மூச்சுத் திணறும் எஞ்சினில் சூடு ஏறும்; சூடு ஏறினால் எண்ணெய் இளகும்; இளகினால் மேலும் எரியும். அரை மணி நேரத்துச் சுத்தத்தில் ஒரு செலவும் இல்லாமல் பாதி வியாதி போயிற்று. எஞ்சினின் உள்மூச்சை வெளியே விடும் சிறு வால்வையும் பார்த்தார், அதில் பழுதில்லை.

மீதி வியாதிதான் முதுமை. ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே காற்றை அழுத்தினார். எண்ணெய் ஊற்றும் வாயில் 'உஸ்' என்று சீறியது. கேஸ்கெட் பழுதானாலும் இப்படிச் சீறுமாம். தலையைக் கழற்றிப் பார்த்ததில் அது நன்றாக இருந்தது. ஆகவே பிஸ்டன் ரிங்குகள்தான் தேய்ந்திருந்தன.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். டப்பாவின் மேல் எஸ்.ஏ.இ. என்று போட்டிருக்குமே, அது அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள் 1905-இல் ஸ்தாபித்த சங்கம். எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு 1911 முதல் அவர்கள் இலக்கம் விதித்து வருகிறார்கள். மாப்பிள்ளை காருக்கு வாங்கிய மலிவான 5டபிள்யூ-30 எண்ணெயையே வண்டிக்கும் ஊற்றி வந்தார். 'டபிள்யூ' என்பதற்கு எடை என்று அவரும் நாமும் அர்த்தம் செய்துகொண்டிருந்தோம். அது 'வின்டர்', அதாவது குளிர்காலம். முன் எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி நிற்கும் என்பதையும், பின் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. அந்தச் சூட்டில் 30-ஆம் எண் எண்ணெய் 9.3 முதல் 12.5 ஸென்டிஸ்டோக் வரையிலும், 40-ஆம் எண் 16.3 வரையிலும், 50-ஆம் எண் 21.9 வரையிலும் இருக்கலாம்.

அப்படியானால் 5டபிள்யூ-30 எண்ணெயும் வெறும் 30 எண்ணெயும் சூட்டில் ஒன்றுதானே என்று வகுப்பில் முதல் பெஞ்சு மாணவனைப் போல் கேட்டோம். பெரியவர் சிரித்தார். முன்னது லேசான எண்ணெயில் கெட்டிப்படுத்தும் சரக்கைச் சேர்த்துச் செய்தது. சுடும் ஸிலிண்டர் சுவரில் லேசான பகுதி ஆவியாகிவிடுகிறது. கெட்டிப்படுத்தும் சரக்கும் நாளடைவில் நைந்துபோகிறது. சிறு எஞ்சின் கைப்புத்தகங்கள் பலவற்றில், 27 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் 10டபிள்யூ-30 ஊற்றினால் எண்ணெய்ச் செலவு கூடலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெயில் காலத்துக்கு வெறும் 30. 4 டிகிரிக்குக் கீழே அதை ஊற்றினால் கிளப்புவது கடினம். பனிக்காலத்தில் புல் வெட்டுவார் யார்?

மாப்பிள்ளைக்கோ நேராக 20டபிள்யூ-50 வாங்கிவிட ஆசை. விளக்கெண்ணெய் போன்ற அது புகையை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் எண்ணெய் கெட்டியாக ஆக, எஞ்சினைக் கிளப்பியவுடன் உறுப்புகளை அது எட்டத் தாமதமாகும். ஆகவே ஒவ்வொரு படியாக ஏறுவது என்று தீர்மானித்தோம். 'எஞ்சினைத் தேற்றும் மருந்து' என்று கடையில் விற்கும் சிறு புட்டிகளை வாங்க நாம் சம்மதிக்கவில்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டோம். ஒரு முறை புல் வெட்டப் பழைய எண்ணெயில் 250 மில்லி செலவு. துப்புரவு செய்து வெறும் 30 ஊற்றிய பிறகு 140. அடுத்து லாரிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40, அதில் 90. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். எரிந்துபோகப் போகிற எண்ணெயில் விலை உயர்ந்த ரகம் எதற்கு? எரியும் எண்ணெயை ஈடு செய்துகொண்டே வந்தாலும் அழுக்கு உள்ளேயே தங்கும். ஆதலால் உரிய காலத்தில் முழுவதையும் வடித்து மாற்றத்தான் வேண்டும் என்றார் பெரியவர். எண்ணெய் குடிக்கும் எஞ்சின் புகையால் சாவதில்லை, அளவு பார்க்க மறந்த ஒரு நாளில்தான் சாகிறது என்றும் சொன்னார். வண்டியின் கைப்பிடியில் அந்தக் குச்சியின் படத்தை வரைந்து ஒட்டிவிட்டு ஊர் திரும்பினோம்.

ஜூலை மாதக் கடைசியில் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. முதல் வரி, "இந்த வாரம் 85 மில்லி, மச்சான்." வேலை கிடைத்த சமாசாரம் இரண்டாவது வரியில் இருந்தது.