பிராஜெக்ட் மேனேஜர் ஆக 35 மணி நேர வகுப்பு போதுமா?

ஐடி நிறுவனங்களில் அடிக்கடி நடக்கும் விஷயம் இது. டீமில் நன்றாக கோடு எழுதும் ஒருவர் இருப்பார். நாலைந்து வருடம் ஆனதும் அவரை டீம் லீட் ஆக்குவார்கள். அடுத்த சில வருடங்களில் பிராஜெக்ட் மேனேஜர். வெள்ளிக்கிழமை வரை புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், திங்கட்கிழமை முதல் பத்து பேருடைய வேலையைத் திட்டமிட வேண்டும், கிளையன்ட்டிடம் தேதி சொல்ல வேண்டும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் முறையான பயிற்சி கிடைக்காதவர்கள் ஏராளம். "அதெல்லாம் போகப்போகக் கத்துக்கலாம்" என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் சான்றிதழ் படிப்புகள் வந்து நிற்கின்றன. சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு, மாதிரித் தேர்வு, கடைசியில் லிங்க்ட்இன் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து. சம்பள உயர்வுக்கும் புது வேலைக்கும் அது உதவலாம். ஆனால், பிராஜெக்ட்டை நடத்தத் தெரிந்துவிடுமா?

சான்றிதழே என்ன சொல்கிறது?

உலக அளவில் அதிகம் பேசப்படும் சான்றிதழ் பிஎம்பி. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் இதை வழங்குகிறது. நான்கு ஆண்டுப் பட்டம் பெற்ற ஒருவர் இந்தத் தேர்வை எழுத, பொதுவாக 35 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கூடவே, பிராஜெக்ட்டுகளை வழிநடத்திய 36 மாத அனுபவமும் காட்ட வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். வகுப்புக்கு ஒரு வார வேலை நேரம்கூட ஆகாது. அனுபவத்துக்கு மூன்று வருடம். அதாவது, தேர்வை நடத்தும் அமைப்பே, வகுப்பு மட்டும் போதும் என்று நினைக்கவில்லை. அனுபவம் இல்லாதவர்களுக்கு சிஏபிஎம் என்று தனியாக ஒரு ஆரம்பநிலைச் சான்றிதழையே வைத்திருக்கிறது. ஆனால், விளம்பரங்களில் 35 மணி நேரம் பெரிய எழுத்தில் இருக்கும். 36 மாதம் கீழே பொடி எழுத்தில் போய்விடும்.

வகுப்பில் கற்பதற்கு மதிப்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வேலையின் எல்லையை எழுதி வைப்பது, எந்த வேலை முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று வரிசைப்படுத்துவது, என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவது போன்றவை எல்லோருக்கும் தேவைப்படும் அடிப்படைகள். சென்னையில் இருக்கும் டீமும் லண்டனில் இருக்கும் கிளையன்ட்டும் ஒரே வார்த்தைக்கு ஒரே அர்த்தம் எடுத்துக்கொள்ளவும் இந்தப் படிப்பு உதவும்.

'ஆறு நாளில் முடிஞ்சிரும்' ஏன் முடிவதில்லை?

வகுப்பில் கற்று மறுநாளே பயன்படுத்தக்கூடிய விஷயங்களும் உண்டு. உதாரணத்துக்கு எஸ்டிமேட். ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் பதில் சொல்வார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தப் பழக்கத்துக்கு 'திட்டமிடல் பிழை' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு எளிய மாற்று இருக்கிறது. ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண்களைக் கேட்பது. எல்லாம் சரியாக நடந்தால் 4 நாள், வழக்கம்போல் நடந்தால் 6 நாள், மோசமாகப் போனால் 20 நாள் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நடு எண்ணுக்கு நான்கு மடங்கு எடை கொடுத்துக் கூட்டி, ஆறால் வகுத்தால் 8 நாள் வரும். கிளையன்ட்டிடம் '6 நாள்' என்று சொல்லியிருந்தால் கணக்கு முதலிலேயே 2 நாள் உதைக்கும். இப்படி முப்பது வேலைகள் சேர்ந்தால், ரிலீஸ் தேதி ஏன் தள்ளிப்போகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆள் சேர்ப்பது. தேதி நெருங்கும்போது "இன்னும் அஞ்சு பேரைப் போடலாம்" என்பதுதான் மேலிடத்தின் முதல் யோசனையாக இருக்கும். ஐபிஎம்மின் சிஸ்டம் 360 கம்ப்யூட்டருக்கான ஓஎஸ் உருவாக்கத்தை வழிநடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று 1975-ல் எழுதினார். காரணம் சின்னக் கணக்குதான். 5 பேர் இருக்கும் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச 10 இணைப்புகள். அதே டீம் 10 பேரானால் 45 இணைப்புகள். ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் நேரமும் போகும்.

இவற்றைப் புறக்கணித்தால் விலை அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பென்ட் ஃப்ளூபியர்க், அலெக்சாண்டர் பட்ஸியர் இருவரும் 1,471 ஐடி பிராஜெக்ட்டுகளை ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 27 சதவீதம் கூடுதல் செலவு. அது பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால், ஆறில் ஒரு பிராஜெக்ட்டில் செலவு சராசரியாக 200 சதவீதம் எகிறியிருந்தது. மொத்த ஆபத்தும் அந்த ஆறில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கிறது.

கனடா அரசு ஊழியர்களின் சம்பளம்

அந்த ஆறில் ஒன்று எப்படி உருவாகிறது? கனடாவின் 'பீனிக்ஸ்' சம்பள மென்பொருள் இதற்கு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம். சுமார் 2,90,000 மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிட, பழைய அமைப்புக்குப் பதிலாக இது கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. 80,000-க்கும் அதிகமான சம்பள விதிகளை மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

2009-ல் இதை உருவாக்க ஒதுக்கிய தொகை 15.5 கோடி டாலர். 2012-ல், வேலையை எடுத்த ஐபிஎம், 27.4 கோடி டாலர் ஆகும் என்று சொன்னது. இங்கேதான் பிராஜெக்ட் மேனேஜ்மென்ட்டின் உண்மையான பரீட்சை வருகிறது. கூடுதல் பணம் கேட்கலாம், தேதியைத் தள்ளலாம், வேலையைக் குறைக்கலாம். பொறுப்பில் இருந்த அதிகாரிகள், பட்ஜெட்டுக்குள் அடங்கும்படி வேலையைக் குறைத்தார்கள். முந்தைய தேதியிட்டுச் சம்பள நிலுவையைக் கணக்கிடும் வசதி போன்ற முக்கியமான அம்சங்களே வெட்டப்பட்டன. சோதனையும் குறைக்கப்பட்டது. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டம் ரத்தானது. இதற்கிடையே, பழைய அமைப்பில் சம்பளக் கணக்கைப் பார்த்துவந்த 1,200 ஊழியர்களின் பணியிடங்கள் நீக்கப்பட்டன.

2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கட்டங்களாக பீனிக்ஸ் ஓட ஆரம்பித்தது. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. மாதக் கணக்கில் இது நீண்டது. வீட்டுக் கடனையும் வாடகையையும் நம்பிக்கையோடு கட்டிவந்த குடும்பங்கள் கடன் வாங்கும் நிலைக்கு வந்தன. சரிசெய்ய ஆன செலவு, முதல் பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டியது.

தெரிந்தும் மேலே போகாத செய்தி

கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, பீனிக்ஸை பிராஜெக்ட் மேனேஜ்மென்ட்டின் தோல்வியாகவும் மேற்பார்வையின் தோல்வியாகவும் பார்த்தது. அதில் இளம் ஐடி ஊழியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. பெரிய கோளாறுகள் இருப்பது பொறுப்பில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். பல துறைகளும் கவலை தெரிவித்திருந்தன. ஆனால், துறையின் தலைமை அதிகாரிக்குப் போன குறிப்பில் அந்தக் கோளாறுகள் இடம்பெறவில்லை. பிராஜெக்ட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள, அதை நடத்துபவர்களைத் தவிர வேறு வழியையும் அவர் வைத்திருக்கவில்லை.

ஐடி உலகில் இதற்குத் 'தர்பூசணி பிராஜெக்ட்' என்று கிண்டலாக ஒரு பெயர் உண்டு. வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சிவப்பு. டீமில் இருப்பவர் சிவப்பு என்கிறார், லீட் அதை மஞ்சள் ஆக்குகிறார், மேனேஜர் பச்சை ஆக்கி அனுப்புகிறார். யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நம்பிக்கையைக் கலந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "எப்படியாவது முடிச்சிருவோம் சார்" என்பவருக்கு நல்ல பெயரும், "இந்தத் தேதிக்கு முடியாது சார்" என்பவருக்குக் கெட்ட பெயரும் கிடைக்கும் இடத்தில், சிவப்பை யாரும் மேலே அனுப்ப மாட்டார்கள்.

35 மணி நேர வகுப்பில் இது ஒரு ஸ்லைடாக வந்து போகும். ஆனால், கிளையன்ட் லைனில் இருக்க, பெரிய மேனேஜர் பக்கத்தில் இருக்க, 'தயாராக இல்லை' என்று சொல்வதை யாராவது செய்துகாட்டினால்தான் கற்க முடியும். அதைக் கேட்டுக்கொள்ளவும் ஒருவர் பழக வேண்டும்.

மேலே இருப்பவர்களுக்கும் வகுப்பு

இந்தப் பாடத்தைச் சில அரசுகள் அமைப்பு ரீதியாகவே எடுத்துக்கொண்டன. பெரிய திட்டங்களை நடத்தும் மூத்த அதிகாரிகளுக்காகவே, பிரிட்டன் 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சயீத் பிசினஸ் ஸ்கூலுடன் சேர்ந்து தனி அகாடமி தொடங்கியது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், அரசுத் துறைகளில் திட்ட மேலாண்மையை முறையான பணிப் பிரிவாக ஆக்கி, அதற்கான திறன்களையும் பதவி உயர்வுப் பாதையையும் வகுக்கச் சொன்னது. 'கூடுதலாக இதையும் பார்த்துக்கோங்க' என்று ஒப்படைக்கும் வேலையாக அதை விட்டுவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம்.

சென்னை, கோவை நிறுவனங்களில் இதைச் செய்யச் சட்டம் எதுவும் தேவையில்லை. புதிதாகப் பொறுப்பேற்பவரை ஒரு பிராஜெக்ட் முடியும்வரை அனுபவமுள்ள மேனேஜர் பக்கத்திலேயே வைக்கலாம். கிளையன்ட் மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்பதே பெரிய பயிற்சி. அடுத்து, மூன்று நான்கு பேர் கொண்ட சின்ன வேலையைத் தனியாகக் கொடுக்கலாம். அவர் போட்ட எஸ்டிமேட்டையும் உண்மையில் ஆன நாட்களையும் குறித்துவைத்து ஒப்பிடச் சொல்லலாம். பத்து வேலைக்கு இப்படி எழுதினாலே, தான் எங்கே குறைத்துச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பிராஜெக்ட் முடிந்ததும் என்ன பிசகியது என்று பேசும் கூட்டத்தை, யார் மீது பழி என்று தேடாமல் நடத்த வேண்டும். ரிலீஸுக்குத் தயாரா இல்லையா என்பதை, அந்தப் பிராஜெக்ட்டில் இல்லாத ஒருவர் பார்த்துச் சொல்லும் வழக்கமும் வேண்டும்.

இதெல்லாம் பில் போட முடியாத நேரம் என்று நிறுவனங்கள் தயங்கும். ஆனால், தப்பான எஸ்டிமேட்டின் செலவை யாரோ ஒருவர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் அது, ரிலீஸுக்கு முந்தின இரவு பன்னிரண்டு மணிக்கும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர். அந்தக் கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பு, வேலை செய்யும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பது நல்லது. யாருடைய பிராஜெக்ட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும்? சொந்தமாக நடத்த எப்போது ஒரு சின்ன வேலை கிடைக்கும்? கடைசியாக 'முடியாது' என்று சொன்ன மேனேஜருக்கு என்ன ஆயிற்று? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால், சான்றிதழ் படிப்பு நிச்சயம் கைகொடுக்கும். மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் மௌனமாக இருந்தால், அங்கே முதலில் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள்.