கணக்கு அலுப்பாம்!

தமக்கையின் மகன் கனடாவிலிருந்து மண்கும்பானுக்கு வந்திருந்தபோது ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்றுப் பகடை உருட்டி, நிலவறைகளுக்குள் புதையல் தேடிப் போவார்கள். கையில் எத்தனை பொற்காசு, எத்தனை தீப்பந்தம், எத்தனை நாள் உணவு என்பதைத் தாளில் குறித்துவரவேண்டும்.

"அதெல்லாம் நாங்கள் இப்ப விட்டிட்டம் மாமா. சரியான அலுப்பு" என்றான்.

இப்படிச் சொல்வோர் பலராம். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

கணக்கை எளிதாக்குவதை நான் எதிர்க்கவில்லை. 1978ஆம் ஆண்டுக் கைநூலின்படி 10 செப்புக்காசு ஒரு வெள்ளி, 20 வெள்ளி ஒரு பொன். 1989இன் இரண்டாம் பதிப்பு 10 வெள்ளி ஒரு பொன் என்றாக்கியது. நல்ல காரியம். இலங்கையிலும் 1872இல் ரூபாவை 100 சதமாக்கினார்கள். அதற்காக எந்தக் கடைக்காரரும் பேரேட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லை. (தென்னிலங்கையெங்கும் கடை வைத்த தீவகத்தாரா எறிவார்கள்!)

எறியச் சொல்கிறவர்களோடுதான் என் வழக்கு. 2002இல் வந்த டி20 மாடர்ன் என்ற விளையாட்டில் காசை எண்ணுவதே இல்லை; ஆளின் செல்வநிலைக்கு ஓர் எண், விலை கூடிய பொருளென்றால் பகடை. 2016இன் பிளாக் ஹாக்கில் பந்தத்துக்கும் உணவுக்கும்கூடப் பகடைதான். 1 அல்லது 2 விழுந்தால் அதனிலும் சிறிய பகடைக்கு இறங்கவேண்டும்; கடைசிப் பகடையிலும் அப்படி விழுந்தால் பொருள் தீர்ந்தது. சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ந்துபோவது அங்கே அதிர்ஷ்டத்தின் வேலையாகிவிடுகிறது. பற்றாக்குறை என்பது அதுவா?

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையில் அகப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரியேற்றினோம். எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாலே இன்னும் எத்தனை இரவு என்பது தெரிந்துவிடும். தெரிந்திருந்ததுதான் துயரம். தெரிந்திருந்தபடியால்தான் தீர்மானிக்கவும் வேண்டியிருந்தது: தம்பியின் சோதனைப் படிப்புக்கா, அடுப்படிக்கா, நள்ளிரவில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலென்று ஒதுக்கி வைப்பதா?

பழைய விதிப்படி ஒரு பந்தம் 6 சுற்றுக்கு எரியும். சுற்றுக்கு 10 நிமிடமாக ஒரு மணித்தியாலம். மூன்று பந்தத்தோடு உள்ளே போனவர்கள் இரண்டாவது எரிகையில் திரும்புவதா, மேலே போவதா என்று சண்டை பிடித்தே ஆகவேண்டும். அந்தச் சண்டைதான் விளையாட்டு. கணக்கை எடுத்தால் அதுவும் போகிறது.

அலுப்பு எண்ணுவதில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது. மண்கும்பான் மணலில் குழி தோண்டிப் பல்லாங்குழி ஆடிய எங்கள் வீட்டுப் பெண்கள் பென்சிலைத் தொட்டதில்லை. 14 குழி, கைநிறையப் புளியங்கொட்டை. தோற்றவரால் அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முடியாத குழிகள் வெறுமையாகக் கிடக்கும். கையிருப்பு முழுவதும் கண்முன்னே.

மறுநாள் இரவு மருமகனுடைய வீரர்களுக்குப் பந்தமொன்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக ஆறை மேசையில் வைத்தேன். கதையில் ஒரு மணித்தியாலம் கழியும்போதெல்லாம் ஒன்றை எடுத்தேன். நாலாவதை எடுக்கக் கை நீட்டியபோது, "மாமா, கொஞ்சம் பொறுங்கோ" என்றான்.